தண்ணீர் குடித்தாலும் சதை போடும் உடம்பு: வளர்சிதை மாற்றம் மந்தமாவது எதனால்?

முல்லைக்கொடி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நெடுநாளாக மற்றவர்கள் எழுதுவதைப் படித்து வருகிறேன். நான் எழுதுவது இதுவே முதல் முறை. எனக்கு வயது 41, உயரம் 155 செ.மீ., எடை 68 கிலோ. ஈரோட்டில் கணக்கு எழுதும் வேலை பார்க்கிறேன். காலை ஒன்பதரை மணி முதல் மாலை ஆறு மணி வரை நாற்காலியை விட்டு எழுவது அரிது. கடந்த ஆறு ஆண்டுகளில் நான்கு முறை எடையைக் குறைக்க முயன்றேன். கடைசி முறை ஓர் எடைக்குறைப்பு நிலையத்தில் பணம் கட்டிச் சேர்ந்து, நாளுக்கு 800 கலோரி என்று அவர்கள் சொன்ன கஞ்சியையும் பொடிக் கரைசலையும் மட்டுமே குடித்து மூன்று மாதம் இருந்தேன். 9 கிலோ குறைந்தது. நிறுத்திய ஓராண்டுக்குள் 11 கிலோ ஏறிவிட்டது.

இப்போது காலையில் இரண்டு இட்லி, மதியம் ஒரு கிண்ணம் சோறும் சாம்பாரும், இரவில் இரண்டு சப்பாத்தி என்றுதான் சாப்பிடுகிறேன். ஆனாலும் எடை அசையவில்லை. எப்போதும் களைப்பாக இருக்கிறது. மின்விசிறிக் காற்றுக்கே குளிர்கிறது. முடி கொத்தாக உதிர்கிறது. மாதவிடாயின்போது இரத்தப்போக்கு அதிகமாக இருக்கிறது. “உனக்கு மந்தமான உடம்பு, தண்ணீர் குடித்தாலும் சதை போடும்” என்று மாமியார் முதல் பக்கத்து வீட்டார் வரை சொல்லி, நானும் அதை நம்பிவிட்டேன். வளர்சிதை மாற்றம் உண்மையிலேயே மந்தமாகுமா? ஆகுமென்றால் எதனால், அதைச் சரிசெய்ய வழி உண்டா? தெரிந்தவர்கள் சற்று விரிவாக எழுதினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

களத்துமேடு எழுதியது:

வணக்கம் சகோதரி. நான் கல்லூரியில் உடலியங்கியல் நடத்துகிறேன். காரணங்களைத் தேடுவதற்கு முன், எதை அளக்கிறோம் என்பதைச் சொல்லிவிடுகிறேன். இந்தப் பேச்சில் பெரும்பாலான குழப்பம் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

ஒரு நாளில் உடல் செலவிடும் ஆற்றலில் ஏறத்தாழ 60 முதல் 70 விழுக்காடு, நாம் ஒன்றும் செய்யாமல் படுத்திருந்தாலும் செலவாவது. அதையே அடிப்படை வளர்சிதை மாற்றம் என்கிறோம். இன்னொரு பத்து விழுக்காடு உண்ட உணவைச் செரிக்கவும் உட்கிரகிக்கவும் போகிறது. எஞ்சியது உடல் அசைவுக்கு உரியது. ஆளுக்கு ஆள் மிகவும் மாறுபடுவதும் அந்தப் பகுதியே. படுத்திருக்கும்போது செலவாவது தசையில் அல்லவா என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் கல்லீரல், மூளை, இதயம், சிறுநீரகம் ஆகிய நான்கும் உடல் எடையில் ஐந்தாறு விழுக்காடே இருந்தாலும், அந்தச் செலவில் பாதிக்கு மேல் அவையே எடுத்துக்கொள்கின்றன. ஒரு கிலோ தசை ஓய்வில் நாளுக்குச் சுமார் 13 கலோரியும், ஒரு கிலோ கொழுப்பு சுமார் 4.5 கலோரியும் செலவிடும். கொழுப்பும் கொஞ்சம் செலவிடுகிறது என்பதைக் கவனியுங்கள். அதனால்தான் பருமனான ஒருவரின் அடிப்படைச் செலவு, அதே வயதும் உயரமும் உள்ள ஒல்லியானவரின் செலவைவிடக் கூடுதலாகவே இருக்கும். “குண்டாக இருப்பதால் உனக்கு மந்தம்” என்று உங்களிடம் சொன்னவர்கள் அளந்து பார்த்திருந்தால் நேர்மாறாகக் கண்டிருப்பார்கள்.

1990இல் வெளியான மிஃப்ளின் - செயின்ட் ஜியோர் கணக்கின்படி, பெண்களுக்கு எடையைப் பத்தாலும் உயரத்தை 6.25ஆலும் பெருக்கிக் கூட்டி, வயதின் ஐந்து மடங்கையும் 161ஐயும் கழிக்க வேண்டும். உங்கள் அளவுகளுக்கு அது 1,283 கலோரி. மேலை நாட்டவரை அளந்து உருவாக்கிய கணக்குகள் இந்தியர்களுக்குச் சற்று மிகையாகவே காட்டும் என்பதால், உண்மை இதற்குக் கொஞ்சம் கீழே இருக்கலாம். துல்லியமாக வேண்டுமென்றால், பன்னிரண்டு மணி நேரம் உண்ணாமல் படுத்திருந்து, உள்ளிழுக்கும் ஆக்சிஜனையும் வெளிவிடும் கரியமில வாயுவையும் அளக்கும் சோதனை இருக்கிறது. உங்களுக்கு அது இப்போது தேவைப்படாது என்று நினைக்கிறேன். நீங்கள் சொன்ன அறிகுறிகள் வேறு பக்கம் கை காட்டுகின்றன. அதை மருத்துவத் துறையில் இருப்பவர்கள் எழுதட்டும்.

வைகைக்கரை எழுதியது:

நாற்பதைத் தாண்டினால் எல்லாருக்கும் இதுதான் நிலை. என் மனைவிக்கும் முப்பத்தெட்டு வயதிலிருந்து அப்படியே நடந்தது. வயது ஏற ஏற உடலின் அடுப்பு அணைந்துகொண்டே வரும். அதை ஏற்றுக்கொள்வதைத் தவிர வேறு வழி இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

களத்துமேடு எழுதியது:

நானும் பல ஆண்டுகள் மாணவர்களுக்கு அப்படித்தான் சொல்லிக்கொடுத்தேன் ஐயா. 2021இல் ‘சயின்ஸ்’ இதழில் ஹெர்மன் பான்ட்சரும் உலகெங்கும் உள்ள பல ஆய்வாளர்களும் சேர்ந்து வெளியிட்ட கட்டுரையைப் படித்த பிறகு மாற்றிக்கொண்டேன். 29 நாடுகளைச் சேர்ந்த 6,400க்கும் மேற்பட்டவர்களின் அளவீடுகள் அதில் இருந்தன. பிறந்து எட்டே நாளான குழந்தை முதல் 95 வயது முதியவர் வரை. கனமான ஹைட்ரஜனும் கனமான ஆக்சிஜனும் கலந்த தண்ணீரைக் குடிக்கச் செய்து, பிறகு ஒன்றிரண்டு வாரங்களுக்குச் சிறுநீரைச் சோதித்து, இயல்பான வாழ்க்கையில் ஒருவர் உண்மையில் எவ்வளவு ஆற்றல் செலவிட்டார் என்று கண்டறியும் முறை அது.

உடலின் அளவையும் தசையின் அளவையும் கணக்கில் எடுத்துக்கொண்ட பிறகு, 20 வயது முதல் 60 வயது வரை செலவு கிட்டத்தட்ட ஒரே அளவில் நிற்கிறது. மாதவிடாய் நிற்கும் காலத்தில்கூடத் தனியான சரிவு தென்படவில்லை. அறுபதுக்குப் பிறகுதான் ஆண்டுக்கு ஏறத்தாழ 0.7 விழுக்காடு குறையத் தொடங்குகிறது. ஆகவே நாற்பதில் மாறுவது உயிரணுக்களின் வேகமன்று. முப்பதுகளிலிருந்தே தசை மெல்லக் கரைகிறது, வேலை நாற்காலிக்கு இடம்பெயர்கிறது, தூக்கம் குறைகிறது. இவை மூன்றையும் மாற்ற முடியும் என்பதால்தான் ஏற்றுக்கொள்வதைத் தவிர வழியில்லை என்ற உங்கள் சொல்லை மறுக்கிறேன்.

தாழம்பூ எழுதியது:

முல்லைக்கொடி அக்கா, நான் நாளமில்லாச் சுரப்பி மருத்துவப் பிரிவில் பதினோரு ஆண்டுகளாகச் செவிலியராக இருக்கிறேன். உங்கள் பதிவைப் படித்ததும் மனம் பதைத்தது. களைப்பு, குளிர் தாங்காமை, முடி உதிர்தல், மிகுந்த இரத்தப்போக்கு ஆகியவற்றை ஒன்றாகச் சொல்லும் ஒருவரிடம், உணவு அட்டவணை கொடுப்பதற்கு முன் இரத்தப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். அந்த நிலையத்தில் யாராவது தைராய்டு பார்த்தார்களா?

மந்தமான வளர்சிதை மாற்றம் என்று மருத்துவம் உறுதியாகச் சொல்லக்கூடிய நோய் ஒன்று உண்டென்றால் அது தைராய்டு குறைவுதான். கழுத்தில் இருக்கும் அந்தச் சுரப்பியின் ஹார்மோன் குறையும்போது உடலின் ஓய்வுநேரச் செலவு உண்மையிலேயே குறையும். சென்னை உட்பட எட்டு இந்திய நகரங்களில் 5,000க்கும் மேற்பட்டவர்களைப் பரிசோதித்து 2013இல் வெளியிட்ட ஆய்வில், ஏறத்தாழ 11 விழுக்காட்டினருக்குத் தைராய்டு குறைவு இருந்தது. அவர்களில் மூவரில் ஒருவருக்குத் தமக்கு அந்தக் குறை இருப்பதே தெரியாது. ஆண்களைவிடப் பெண்களிடம் இது கூடுதல். தைராய்டு குறையும்போது ஏறும் டி.எஸ்.எச்., தைராய்டு ஹார்மோனான டி4 ஆகிய இரண்டையும் இரத்தத்தில் பார்த்துவிடுங்கள். கூடவே ஹீமோகுளோபினும், உடலில் உள்ள இரும்பின் இருப்பைக் காட்டும் ஃபெரிட்டினும் பார்க்கச் சொல்லுங்கள். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு இரத்தசோகை இருந்தது. இரும்புச்சத்து குறைந்தால் மாடிப்படி ஏறவே மூச்சு வாங்கும். நாள் முழுதும் அசைவு குறையும். போதாததற்குத் தைராய்டு ஹார்மோனை உருவாக்கும் நொதியே இரும்பைச் சார்ந்துதான் வேலை செய்கிறது.

ஒன்றை மட்டும் முன்கூட்டியே சொல்கிறேன், பிறகு ஏமாற்றம் வேண்டாம். தைராய்டு குறைவு தனியே ஏற்றும் எடை பெரும்பாலும் 2 முதல் 5 கிலோ வரைதான்; அதிலும் நீரும் உப்பும் தங்குவதே மிகுதி. மாத்திரை தொடங்கினால் கூடுதல் எடை முழுதும் கரைந்துவிடும் என்று எண்ணிவிடாதீர்கள். தைராய்டு இயல்பாக இருப்பவர்கள் எடை குறைக்க அந்த மாத்திரையை விழுங்குவதும் எங்கள் பிரிவில் நாங்கள் அஞ்சுகிற ஒன்று. இதயத் துடிப்பு சீர்கெடும், எலும்பு தேயும்.

வேறு மாத்திரைகள் ஏதேனும் எடுக்கிறீர்களா? இரத்த அழுத்தத்துக்கான சில பீட்டா தடுப்பு மாத்திரைகள், ஸ்டீராய்டு, வலிப்புக்கான வால்ப்ரோயேட், மனநலத்துக்கான சில மருந்துகள், இன்சுலின் ஆகியவை எடையை ஏற்றக்கூடும். இருந்தால் நீங்களாக நிறுத்தாதீர்கள். எழுதிக் கொடுத்த மருத்துவரிடம் மாற்று உண்டா என்று கேளுங்கள்.

முல்லைக்கொடி எழுதியது:

இல்லை சகோதரி, அங்கே யாரும் இரத்தம் எடுக்கவில்லை. எடையும் இடுப்புச் சுற்றளவும் மட்டுமே பார்த்தார்கள். வேறு மாத்திரை எதுவும் எடுப்பதில்லை. இந்த வாரமே பரிசோதனைக்குப் போகிறேன். ஆனால் ஒரு கேள்வி நெஞ்சை அரிக்கிறது. அந்த மூன்று மாதப் பட்டினியால் என் உடம்பை நானே கெடுத்துக்கொண்டேனா?

நெய்தல் எழுதியது:

நீங்கள் எதையும் கெடுக்கவில்லை. உங்கள் உடல் தன்னைக் காப்பாற்றிக்கொண்டது. உணவியல் ஆலோசகராக நான் பார்ப்பவர்களில் பலர் இதே கேள்வியோடு வருகிறார்கள். அவர்களுக்கு நான் எப்போதும் அமெரிக்காவின் மின்னசோட்டாவில் நடந்த பட்டினி ஆய்வைச் சொல்வேன்.

1944ஆம் ஆண்டின் இறுதியில், போரில் ஆயுதம் ஏந்த மறுத்த 36 இளைஞர்கள் தாமாக முன்வந்து, ஆன்செல் கீஸ் என்ற உடலியங்கியல் அறிஞரின் ஆய்வில் சேர்ந்தார்கள். 24 வாரங்களுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 1,570 கலோரி. உருளைக்கிழங்கும் ரொட்டியும் மக்ரோனியும்தான் உணவு. அவர்கள் தம் எடையில் சுமார் கால் பங்கை இழந்தார்கள். அடிப்படைச் செலவோ 40 விழுக்காடு வரை குறைந்தது. உடல் சுருங்கியதால் குறைய வேண்டிய அளவைவிட அது அதிகம். நாடித்துடிப்பு தளர்ந்தது, கோடையிலும் குளிர்ந்தது, கனவிலும் நினைவிலும் உணவே நிறைந்தது. உணவு மீண்டும் கிடைத்ததும் அடக்க முடியாத பசி வந்தது. தசையைவிடக் கொழுப்பு விரைந்து திரும்பியது. கலோரி எண்ணிக்கையைப் பாருங்கள். 1,570 கலோரியைப் பட்டினி என்று அந்த ஆய்வு பெயரிட்டது. உங்களுக்கு 800 கலோரி கொடுத்திருக்கிறார்கள், அதுவும் மருத்துவக் கண்காணிப்பு இல்லாமல். அவர்கள் உங்களைவிட உயரமான, நாள்தோறும் நடந்த ஆண்கள் என்பதை ஒப்புக்கொண்டாலும், அதை நினைத்தால் எனக்குச் சினமே வருகிறது.

அமெரிக்கத் தொலைக்காட்சியில் எடைக்குறைப்புப் போட்டி ஒன்றில் கலந்துகொண்ட 14 பேரை ஆறு ஆண்டுகள் கழித்துக் கெவின் ஹாலும் குழுவினரும் அளந்து, 2016இல் வெளியிட்டார்கள். பெரும்பாலானோருக்கு எடை திரும்பியிருந்தது; ஆனால் ஓய்வுநேரச் செலவு, அவர்களின் உடலளவுக்கு இருக்க வேண்டியதைவிட நாளுக்குச் சுமார் 500 கலோரி குறைவாகவே நின்றது. இது மிகக் கடுமையான வேகத்தில் குறைத்தவர்களின் கதை. மெதுவாகக் குறைப்பவர்களிடம் இந்தச் சரிவு இவ்வளவு பெரிதாக இருப்பதில்லை.

இனி உங்களுக்குச் சற்று வலிக்கக்கூடிய ஒன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது. அன்போடு சொல்வதாக எடுத்துக்கொள்ளுங்கள். 1992இல் நியூயார்க்கில், 1,200 கலோரிக்கும் கீழே உண்டும் எடை குறையவில்லை என்று சொன்ன பத்துப் பேரை ஆராய்ந்தார்கள். அவர்களின் வளர்சிதை மாற்றம் இயல்பாகவே இருந்தது. தாங்கள் உண்டதில் ஏறத்தாழ பாதியை அவர்கள் கணக்கில் சேர்க்கவே இல்லை. அவர்கள் பொய் சொன்னவர்கள் அல்லர். நாம் எல்லாரும் தட்டில் இருப்பதை மட்டும்தான் நினைவில் வைக்கிறோம். ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் 120 கலோரிக்கு மேல். இரண்டு கரண்டி சர்க்கரை போட்ட காபியை மூன்று வேளை குடித்தால் சர்க்கரை மட்டுமே 120 கலோரி. தாளிக்கும்போது ருசி பார்ப்பது, பிள்ளைகள் மிச்சம் வைத்ததை வீணாக்க மனமில்லாமல் வாயில் போடுவது, அலுவலகத்தில் நான்கு மணி வடை ஆகியவற்றையும் சேர்த்து ஒரு வாரம் எழுதிப் பாருங்கள். எனக்கு அனுப்ப வேண்டியதில்லை. உங்களுக்காக மட்டும் எழுதுங்கள்.

முல்லைக்கொடி எழுதியது:

படித்தவுடன் கண் கலங்கியது என்பதை மறைக்க விரும்பவில்லை. எழுதிப் பார்த்தேன். மகன் மிச்சம் வைக்கும் தோசை, தினமும் இரண்டு முறுக்கு, நான்கு காபி. இவற்றை நான் சாப்பாடாக நினைத்ததே இல்லை. அதே நேரத்தில் எந்த வேளையிலும் நான் வயிறு நிறையச் சாப்பிட்டதில்லை என்பதும் உண்மை.

மருதநிலம் எழுதியது:

எளிய வழி சொல்கிறேன் அம்மா. காலையில் வெறும் வயிற்றில் வெந்நீரில் தேனும் எலுமிச்சையும் கலந்து குடியுங்கள்; இரண்டு வேளை கிரீன் டீ; மிளகு, பச்சை மிளகாய் கூடுதலாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். “இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு” என்று முன்னோர் சொன்னது வீண்போகாது. ஒரு நாளை ஆறு வேளையாகப் பிரித்துக் கொஞ்சம் கொஞ்சமாக உண்டால் அடுப்பு அணையாமல் எரியும் என்றும் படித்திருக்கிறேன்.

களத்துமேடு எழுதியது:

ஐயா, கணக்குப் போட்டுப் பார்க்கலாம். குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்த அரை லிட்டர் தண்ணீரை 5 பாகையிலிருந்து உடல் வெப்பமான 37 பாகைக்குக் கொண்டுவர உடலுக்கு 16 கலோரி ஆகும். வெந்நீருக்கு அதுவும் ஆகாது. அதில் கரைக்கும் ஒரு மேசைக்கரண்டித் தேனோ 60 கலோரிக்கு மேல் சேர்க்கும். காபி, தேயிலையில் உள்ள கஃபீன் ஓய்வுநேரச் செலவை ஓரிரு மணி நேரத்துக்கு மூன்று நான்கு விழுக்காடு உயர்த்துவது உண்மை. உங்கள் நாள் கணக்கில் அது ஒரு வாய் முறுக்குக்குச் சமம். மிளகாயின் விளைவும் அவ்வளவே. ஆறு வேளை உண்பதற்கும் மூன்று வேளை உண்பதற்கும் மொத்த உணவு ஒன்றாக இருந்தால் செரிமானச் செலவும் ஒன்றாகவே இருக்கும்.

நெய்தல் எழுதியது:

கொள்ளை மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். கொழுப்பைக் கரைப்பதாகச் சொல்வது சரியன்று. ஆனால் நூறு கிராம் கொள்ளில் இருபது கிராமுக்கு மேல் புரதமும் நிறைய நார்ச்சத்தும் இருக்கின்றன. ரசமாக வடித்துவிட்டுச் சக்கையைக் கொட்டாமல் சுண்டலாகவோ துவையலாகவோ உண்டால் பழமொழி தன் வேலையைச் செய்யும்.

புரதத்தைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் சமையலறையில் பெரிய இடைவெளி அங்கேதான் இருக்கிறது. உண்ட உணவைச் செரிக்கப் போகும் ஆற்றலில் உணவுக்கு உணவு வேறுபாடு உண்டு. நூறு கலோரி புரதம் உண்டால் 20 முதல் 30 கலோரி அதைச் செரிக்கவே போய்விடும், மாவுச்சத்துக்கு 5 முதல் 10, கொழுப்புக்கு மூன்றுக்குள். அதைவிட முக்கியமாக, எடை குறையும் காலத்தில் தசை கரையாமல் காப்பதும், பசியை நெடுநேரம் தள்ளிப்போடுவதும் புரதமே. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் கிலோ எடைக்கு 0.83 கிராம் என்று பரிந்துரைக்கிறது. உங்களுக்கு அது 56 கிராம். நீங்கள் எழுதிய உணவில் இரண்டு இட்லிக்கு நான்கு கிராம், சோற்றுக்கு ஐந்து, சாம்பாருக்கு நான்கைந்து, சப்பாத்திக்கு ஆறு, காபிப் பாலையும் சேர்த்து 25 கிராமைத் தாண்டினால் பெரிது. சோறு சாம்பாரைக் குறை சொல்லவில்லை. சாம்பாரில் பருப்பு இருக்க வேண்டும். நம் வீடுகளில் தண்ணீரும் புளியும் மிகுந்து பருப்பு அடியில் தேங்கியிருக்கிறது, அதையும் குடும்பத்தாருக்கு ஊற்றிவிட்டுத் தெளிவைத் தனக்கு வைத்துக்கொள்பவர்கள் பெண்கள்தாம்.

ஆகவே காலையில் இட்லியோடு இரண்டு முட்டை. அதற்கு 12 கிராம். முட்டை உண்ணாதவர் என்றால் பாசிப்பயறு அடையோ பெசரட்டோ. மதியம் சோற்றைக் கைப்பிடி அளவு குறைத்து, கெட்டிப் பருப்பும் ஒரு கிண்ணம் தயிரும், வாய்ப்புள்ள நாளில் ஒரு துண்டு மீனும். நான்கு மணி வடைக்குப் பதில் ஐம்பது கிராம் கொண்டைக்கடலையை ஊறவைத்து அவித்த சுண்டல். அதில் பத்து கிராம் வரும். எடை குறைக்க நாளுக்கு 300 முதல் 400 கலோரி குறைத்தால் போதும். மாதம் ஒன்றரை கிலோவுக்கு மேல் குறைய வேண்டும் என்று உங்களை நீங்களே நெருக்காதீர்கள்.

அகல்விளக்கு எழுதியது:

நான் ஓய்வுபெற்ற ஆசிரியர். என் தாயார் அம்மியில் அரைத்து, கிணற்றில் இறைத்து, ஆட்டுக்கல்லில் மாவாட்டினார். மூன்று வேளையும் சோறு உண்டார். எழுபதிலும் ஒல்லியாகவே இருந்தார். தனியாக உடற்பயிற்சி என்ற சொல்லே அவருக்குத் தெரியாது. இதற்கும் வளர்சிதை மாற்றத்துக்கும் தொடர்பு உண்டா?

களத்துமேடு எழுதியது:

நேரடித் தொடர்பு உண்டு ஐயா. உடற்பயிற்சி அல்லாத அன்றாட அசைவு என்று அதற்கே ஒரு துறை இருக்கிறது. 1999இல் ஜேம்ஸ் லெவினும் குழுவினரும் 16 பேருக்கு எட்டு வாரம் நாள்தோறும் தேவைக்கு மேல் 1,000 கலோரி கூடுதலாக உண்ணக் கொடுத்தார்கள். ஒருவருக்கு அரைக்கிலோகூடக் கொழுப்பு ஏறவில்லை. இன்னொருவருக்கு நான்கு கிலோவுக்கு மேல் ஏறியது. வேறுபாடு எதில் என்று பார்த்தால், நிற்பது, நடப்பது, உட்கார்ந்தவாறே அசைவது என்று தம்மை அறியாமல் செய்யும் சிறு அசைவுகளில்தான். நம் வீட்டில் ஒரே சாப்பாட்டை உண்டும் ஒருவர் ஒல்லியாகவும் ஒருவர் பருமனாகவும் இருப்பதற்கு, “அவன் உடம்பு வாகு” என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி இதுவே.

முழு உண்மையையும் சொல்ல வேண்டுமென்றால், தான்சானியாவில் வேட்டையாடியும் கிழங்கு அகழ்ந்தும் வாழும் ஹட்சா மக்களை 2012இல் அளந்தபோது, நம்மைவிடப் பல மடங்கு நடந்தும் அவர்களின் மொத்தச் செலவு, உடலளவைக் கணக்கில் எடுத்துக்கொண்ட பிறகு, நகரவாசிகளின் செலவை ஒத்தே இருந்தது. அசைவைக் கூட்டிக்கொண்டே போனால் உடல் வேறெங்காவது சிக்கனம் பிடிக்கிறது. ஆகவே நடையால் மட்டும் எடையைக் குறைத்துவிடலாம் என்று யாருக்கும் வாக்களிக்க மாட்டேன். ஆனால் நாள் முழுதும் உட்கார்ந்திருக்கும் ஒருவர் எழுந்து நடக்கத் தொடங்குவதன் பயன் வேறு. அது இரத்தச் சர்க்கரையிலும் தூக்கத்திலும் முதல் வாரமே தெரியும். முல்லைக்கொடி அவர்கள் மணிக்கு ஒரு முறை எழுந்து ஐந்து நிமிடம் நடப்பதிலிருந்து தொடங்கலாம்.

தசையைப் பற்றியும் ஒரு திருத்தம். இரண்டு கிலோ தசை சேர்த்தால் ஓய்வில் நாளுக்கு 26 கலோரிதான் கூடும். விளம்பரங்கள் சொல்வதுபோல் தூங்கும்போது கொழுப்பு எரியாது. ஆனாலும் வலுப்பயிற்சியை நான் முதலிடத்தில் வைப்பேன். உணவிலிருந்து வரும் சர்க்கரையை வாங்கி வைக்கும் பெரிய களஞ்சியம் தசை. எடை குறையும்போது கரைவது கொழுப்பா தசையா என்பதை அதுவே முடிவு செய்கிறது. வாரம் மூன்று நாள், கையூன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்கார்தல், சுவரில் கை ஊன்றித் தள்ளுதல், இரண்டு லிட்டர் தண்ணீர்ப் புட்டியைத் தோளுக்கு மேல் உயர்த்துதல்; பத்துப் பத்தாக மூன்று சுற்று. எளிதாகும்போது எடையைக் கூட்டுங்கள், எண்ணிக்கையை அல்ல.

தாழம்பூ எழுதியது:

தூக்கத்தை யாரும் எழுதவில்லை. பத்துப் பேரை இரண்டு வாரம் ஒரே அளவு குறைந்த உணவில் வைத்து, ஒரு முறை எட்டரை மணி நேரமும் மறு முறை ஐந்தரை மணி நேரமும் படுக்கையில் இருக்கச் செய்த ஆய்வு 2010இல் வந்தது. இரண்டிலும் எடை ஏறத்தாழ ஒரே அளவு குறைந்தது. ஆனால் தூக்கம் குறைந்தபோது கொழுப்பின் இழப்பு பாதிக்கு மேல் சரிந்து, தசை கூடுதலாகக் கரைந்தது. இரவுப் பணியில் நான் இருந்த ஆண்டுகளில் என் உடம்பில் கண்டதும் அதுதான். அக்கா, நீங்கள் எத்தனை மணிக்குப் படுக்கிறீர்கள்?

முல்லைக்கொடி எழுதியது:

பாத்திரம் கழுவி, மறுநாளுக்குக் காய் நறுக்கி, படுக்கப் பன்னிரண்டு ஆகிறது. ஐந்து மணிக்கு எழ வேண்டும். இதை வீட்டில் பேசுகிறேன்.

பரிசோதனை முடிவும் வந்துவிட்டது. டி.எஸ்.எச். 14.2, டி4 இயல்புக்குக் கீழே, ஹீமோகுளோபின் 9.1. மருத்துவர் தைராக்சின் மாத்திரையும் இரும்பு மாத்திரையும் கொடுத்திருக்கிறார். இரத்தப்போக்குக்காக மகளிர் மருத்துவரையும் பார்க்கச் சொன்னார். இரண்டு மாத்திரையையும் காலையில் காபியோடு போட்டுக்கொள்ளலாமா?

தாழம்பூ எழுதியது:

கூடவே கூடாது அக்கா. தைராக்சினை எழுந்தவுடன் வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரில் போடுங்கள். அதன் பிறகு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் காபியோ உணவோ வேண்டாம். இரும்பு மாத்திரையும் கால்சிய மாத்திரையும் தைராக்சினை உடலில் சேரவிடாமல் பிடித்துக்கொள்ளும். குறைந்தது நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். இரும்பை மதியச் சாப்பாட்டுக்கு முன் எலுமிச்சைச் சாற்றோடு எடுக்கலாம். அதன் அருகிலும் காபி, தேநீர் ஆகாது. ஆறு முதல் எட்டு வாரத்தில் டி.எஸ்.எச். மறுபடி பார்த்து அளவை மாற்றுவார்கள். உடம்பு சரியாகிவிட்டது போலிருக்கிறது என்று பாதியில் நிறுத்துபவர்களை மாதந்தோறும் பார்க்கிறேன். நீங்கள் அப்படிச் செய்துவிடாதீர்கள்.

முல்லைக்கொடி எழுதியது:

ஐந்து மாதம் கழித்து எழுதுகிறேன். டி.எஸ்.எச். 2.9, ஹீமோகுளோபின் 11.8. எடை 68இலிருந்து 64.5 ஆகியிருக்கிறது, இடுப்புச் சுற்றளவு ஆறு செ.மீ. குறைந்திருக்கிறது. குளிர் போய்விட்டது, இரவில் மின்விசிறியை நானே கூட்டி வைக்கிறேன். காய் நறுக்குவதை மகனும் அவன் அப்பாவும் எடுத்துக்கொண்டதால் பத்தரைக்குப் படுத்துவிடுகிறேன். நாற்காலிப் பயிற்சியில் முதல் நாள் ஆறு முறைக்கு மேல் எழ முடியவில்லை. இப்போது புட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு பதினைந்து முறை எழுகிறேன். நான்கு வேளைக் காபி இரண்டாகியிருக்கிறது. முறுக்கை முழுதாக விடவில்லை.

என் அம்மாவைப் பற்றி ஒன்று கேட்க வேண்டும். வயது 68. எனக்கு நேர்மாறாக, ஓராண்டில் 52 கிலோவிலிருந்து 47 கிலோவுக்கு வந்துவிட்டார். வயதானால் வளர்சிதை மாற்றம் குறையும் என்று படித்ததிலிருந்து குழப்பமாக இருக்கிறது. செலவு குறைந்தால் எடை ஏறத்தானே வேண்டும்? பசியில்லை என்று இரவில் பால் மட்டும் குடிக்கிறார்.

தாழம்பூ எழுதியது:

அக்கா, இதைக் காத்திருந்து பார்க்காதீர்கள். முயற்சி செய்யாமலே ஓராண்டுக்குள் எடையில் ஐந்து விழுக்காட்டுக்கு மேல் குறைந்தால் காரணம் தேட வேண்டும் என்பது நாங்கள் பின்பற்றும் விதி; அம்மாவுக்கு ஒன்பது விழுக்காட்டுக்கு மேல் குறைந்திருக்கிறது. சர்க்கரை, தைராய்டு மிகைச் சுரப்பு, காசநோய், புற்று, மனச்சோர்வு, பல் வலி என்று எதுவாகவும் இருக்கலாம். பல் வலியாகவே இருந்தாலும் பார்த்துவிடுவது நல்லது. இந்த வாரமே பொது மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். எடுத்துக்கொள்ளும் மாத்திரைகள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோங்கள். ஓராண்டுக்கு முன் பார்த்த எடையை எந்தச் சீட்டிலாவது எழுதியிருந்தால் அதையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

நெய்தல் எழுதியது:

மருத்துவர் பார்க்கும் வரை அந்த இரவுப் பாலில் ஒரு கைப்பிடி வறுத்த நிலக்கடலையையோ பொட்டுக்கடலையையோ பொடித்துக் கலந்து கொடுங்கள். பல் வலி இருந்தாலும் விழுங்கிவிடலாம். வயதானவர்களுக்குக் கிலோவுக்கு ஒரு கிராமுக்குக் குறையாமல் புரதம் வேண்டும்; சிறுநீரகக் கோளாறு இருக்கிறதா என்பதை மட்டும் முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். போய் வந்ததும் எழுதுங்கள்.

முல்லைக்கொடி எழுதியது:

நாளை காலை எட்டு மணிக்கு முன்பதிவு செய்திருக்கிறேன். பழைய சீட்டு ஒன்று அலமாரியில் கிடைத்தது. சென்ற ஆண்டு ஆடி மாதம் 52.4 கிலோ என்று எழுதியிருக்கிறது. அதையும் பையில் வைத்துவிட்டேன்.